நாடு மாறும்போது சாமான்களும் கடிதங்களும்

மூன்று மாதங்கள் நான் அட்டைப்பெட்டிகளைப் பற்றியே கவலைப்பட்டேன். எத்தனை பெட்டி, எந்தக் கப்பல், கண்ணாடிச் சாமான் உடையாமல் வருமா என்று தூக்கம் கெட்டேன். பெட்டிகள் பத்தாவது வாரத்தில், மூலைகள் நசுங்கியபடி, வந்து சேர்ந்துவிட்டன. என்னை உண்மையில் படுத்தியெடுத்தது ஓர் உறை. காலாவதியாகவிருந்த வங்கி அட்டைக்குப் பதிலாக அனுப்பப்பட்ட புதிய அட்டை, நான் காலிசெய்துவிட்ட வீட்டுக்குப் போனது. வாங்க ஆளில்லாமல் திரும்பியது. இன்னொன்று அனுப்ப முகவரியை மாற்ற வேண்டும் என்றார்கள். முகவரியை மாற்றப் பழைய கைபேசி எண்ணுக்கு வரும் ரகசிய எண் வேண்டும். அந்த இணைப்பை நான் விமானம் ஏறும் முன்பே துண்டித்திருந்தேன். இந்தச் சிக்கலை அவிழ்க்க நான்கு மாதங்கள் ஆயின.

அதனால் இங்கே பெட்டிகளைப் பற்றியும் எழுதுகிறேன், கடிதங்களைப் பற்றியும் எழுதுகிறேன். பயணத் தேதி நெருங்கிவிட்டவர்கள் 7-ஆம் பகுதியை முதலில் படித்துவிட்டு மேலே வாருங்கள்.

1. பெட்டி வாங்கும் முன் சுங்க விதியைப் படியுங்கள்

பெரும்பாலான நாடுகள், குடிபெயர்ந்து வருபவரின் பழைய வீட்டுச் சாமான்களுக்கு இறக்குமதி வரி விதிப்பதில்லை. ஆனால் அந்தச் சலுகைக்கு நிபந்தனைகள் உண்டு, நாட்டுக்கு நாடு அவை மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தில், பொதுவாக நீங்கள் வெளியே குறைந்தது 12 மாதங்கள் வசித்திருக்க வேண்டும். சாமான்கள் குறைந்தது 6 மாதங்கள் உங்கள் உபயோகத்தில் இருந்திருக்க வேண்டும். குடியேறிய 12 மாதங்களுக்குள் அவை உள்ளே வந்துவிட வேண்டும். பிரிட்டனில் ஏறக்குறைய இதே விதிகள்தான். கூடவே, சாமான் போய்ச் சேரும் முன்பே விண்ணப்பித்து அனுமதி எண் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆஸ்திரேலியாவில் 12 மாதங்களோ அதற்கு மேலோ வைத்திருந்து பயன்படுத்திய பொருளுக்கே வரிவிலக்கு. கனடாவில் இன்னொரு விதமான பொறி இருக்கிறது: முதல் முறை குடியேறி நுழையும் அன்றே, பின்னால் வரவிருக்கும் சாமான்களின் பட்டியலை எல்லை அதிகாரியிடம் கொடுத்துப் பதிவுசெய்ய வேண்டும். அன்று விட்டுவிட்டால் பிறகு வரும் பெட்டிகளுக்குச் சலுகை கேட்பது கடினமாகிவிடும்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகும். "போகிற இடத்துக்குப் புதிதாக இருக்கட்டுமே" என்று கிளம்பும் வாரத்தில் வாங்கிய தொலைக்காட்சிப் பெட்டி பழைய வீட்டுச் சாமான் ஆகாது. உறையோடு, விலைச்சீட்டோடு அது பெட்டிக்குள் இருந்தால் அதற்கு வரி கட்ட வேண்டியிருக்கும். அதைச் சாக்கிட்டு மற்றப் பெட்டிகளையும் திறந்து பார்ப்பார்கள்.

விதியை நாட்டின் சுங்கத்துறை இணையதளத்தில் நேரடியாகப் படியுங்கள். முன்பே போனவர் சொன்னது அவர் போன ஆண்டின் விதி.

2. எதை விட்டுவிட்டுப் போவது

மின்சாதனங்களில் ஒட்டியிருக்கும் சிறிய எழுத்தைப் பாருங்கள். "100–240 வோல்ட்" என்று இருந்தால் பிளக் மாற்றி ஒன்று போதும். மடிக்கணினி, கைபேசி சார்ஜர்கள் அநேகமாக இப்படித்தான் இருக்கும். "220–240" என்று மட்டும் இருந்து, நீங்கள் போகும் நாட்டில் 110 அல்லது 120 வோல்ட் என்றால் அந்தச் சாதனத்தை விற்றுவிடுங்கள். மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி போன்றவற்றுக்காக மின்மாற்றி சுமப்பது வீண்வேலை.

மரச்சாமான்களுக்குக் கணக்கு எளிது. அது அடைக்கும் கன அளவுக்கான கப்பல் கட்டணத்தையும், போகிற இடத்தில் அதே மாதிரி ஒன்றைப் பழையதாக வாங்கும் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். என் மேசை இந்தக் கணக்கில் தோற்றது. ஆனாலும் பாசத்தில் அனுப்பினேன். புதிய வீட்டின் மாடிப்படி வளைவில் அது திரும்பவில்லை.

விதை, செடி, உலராத மரம், மண் ஒட்டிய எதுவும் வேண்டாம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் காலணி அடியிலும் சைக்கிள் சக்கரத்திலும் உள்ள சேற்றைக்கூடப் பார்ப்பார்கள். சுத்தம் செய்யும் செலவு உங்கள் தலையில் விழும்.

3. அனுப்பும் வழியும் அதன் அளவுகோலும்

விமான நிறுவனங்களில் பெட்டியின் வழக்கமான எடை வரம்பு 23 கிலோ, மூன்று பக்கங்களின் கூட்டுத்தொகை 158 சென்டிமீட்டர். கூடுதல் பணம் கட்டினால்கூட ஒரே பெட்டியில் 32 கிலோவுக்கு மேல் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். நான்கைந்து பெட்டிதான் என்றால், கூடுதல் பெட்டிக்கு முன்கூட்டியே இணையத்தில் பணம் கட்டி உங்களோடு கொண்டுபோவதே பெரும்பாலும் மலிவு. இதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள், ஏனென்றால் இதில் இடைத்தரகருக்கு வேலை இல்லை. விமான நிலையக் கவுன்ட்டரில் கேட்டால் அதே பெட்டிக்கு அதிகம் வாங்குவார்கள்.

கூரியர், விமானச் சரக்கு இரண்டிலும் உண்மையான எடை, அடைக்கும் இடத்தை எடையாக்கிய கணக்கு, இவற்றில் எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, கூரியரில் பொதுவாக 5,000-ஆலும் விமானச் சரக்கில் 6,000-ஆலும் வகுப்பார்கள். 60×50×40 அளவுப் பெட்டி என்றால் கூரியர் கணக்கில் 24 கிலோ. உள்ளே ஏழு கிலோ மெத்தை விரிப்புதான் இருக்கிறது என்று நீங்கள் வாதாடிப் பயனில்லை. ஆகவே இலேசான, பருமனான துணிமணிகளைக் கப்பலுக்கு ஒதுக்குங்கள். சின்னதாகக் கனமாக இருப்பவை விமானத்தில் போகலாம்.

கப்பலில் அளவுகோல் கன மீட்டர். 45×45×50 சென்டிமீட்டர் பெட்டி பத்து சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு கன மீட்டர் ஆகும். 20 அடி கண்டெய்னரின் உள்ளளவு சுமார் 33 கன மீட்டர். இடைவெளி போக அவ்வளவும் நிரம்பாது. முழுக் கண்டெய்னர் தேவைப்படாதவர்கள் பிறர் சரக்கோடு பங்கிட்டு அனுப்பலாம். அப்போது இரண்டு விஷயங்கள் உண்டு: குறைந்தபட்சக் கன அளவு என்று ஒன்று வைத்திருப்பார்கள், உங்கள் சாமான் அதைவிடக் குறைவானாலும் அதற்குரிய பணம் கட்ட வேண்டும், கண்டெய்னர் நிரம்பும்வரை உங்கள் பெட்டி கிடங்கில் காத்திருக்கும்.

புத்தகம் அதிகம் வைத்திருப்பவர்கள் அஞ்சலகத்தில் விசாரியுங்கள். அச்சிட்ட புத்தகங்களை ஒரே முகவரிக்குச் சாக்கில் கட்டி அனுப்பும் "எம் பேக்" என்ற சேவையைச் சில நாட்டு அஞ்சல் துறைகள் இன்னும் நடத்துகின்றன. மெதுவாகப் போகும், ஆனால் கிலோ கணக்கில் மலிவு.

4. விலைப்புள்ளி வாங்கும்போது

இங்கேதான் நான் பணத்தை விட்டேன். மூன்று நிறுவனங்களிடம் விலை கேட்டு, மிகக் குறைவாகச் சொன்னவரைப் பிடித்தேன். அவர் சொன்னது துறைமுகம் வரைக்குமான விலை. சாமான் இறங்கிய பிறகு, அங்குள்ள முகவர் ஒருவர் தனிப் பட்டியல் அனுப்பினார்: முனையக் கையாளுகைக் கட்டணம், பங்கிட்ட கண்டெய்னரைப் பிரிக்கும் கட்டணம், ஆவணக் கட்டணம், சுங்க முகவர் கூலி, கிடங்கு வாடகை, வீட்டுக்குக் கொண்டுவரும் வண்டிக் கூலி. கூட்டிப் பார்த்தால் முதலில் கட்டிய தொகையைவிட அதிகம். கட்டாமல் பெட்டியைப் பார்க்க முடியாது.

ஆகவே எழுத்தில் கேட்க வேண்டியவை இவை. விலை வீட்டுவாசல் முதல் வீட்டுவாசல் வரைக்குமா? சேருமிடத் துறைமுகக் கட்டணங்கள் அனைத்தும் அடங்கியதா, எவை அடங்கவில்லை? சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்து சோதித்தால் அந்தச் செலவு யாருடையது? (இது எப்போதும் நம்முடையதுதான், ஆனால் எழுத்தில் இருந்தால் அதிர்ச்சி குறையும்.) லிஃப்ட் இல்லாத மாடிக்கு ஏற்றித்தருவார்களா? எத்தனை நாள் கிடங்கு வாடகை இலவசம்? சேருமிடத்தில் எங்கள் சரக்கைக் கையாளப்போகும் முகவர் யார்?

வீட்டுக்கு வந்து, அல்லது வீடியோவிலாவது, சாமான்களைப் பார்க்காமல் தொலைபேசியில் விலை சொல்பவரை நம்பாதீர்கள். உலக அளவில் வீடு மாற்றும் நிறுவனங்களுக்கு "ஃபிடி" என்ற கூட்டமைப்பு இருக்கிறது. அதன் உறுப்பினரா என்று இணையதளத்தில் சரிபார்க்கலாம். உறுப்பினராக இருப்பது மட்டும் உத்தரவாதம் ஆகாது. ஆனால் முன்பணம் வாங்கிவிட்டு மறைந்துவிடும் ஆட்களை அது வடிகட்டும்.

5. பெட்டி கட்டுவதும் பட்டியல் எழுதுவதும்

கட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரட்டை அடுக்கு அட்டைப்பெட்டி, நல்ல டேப், புத்தகத்துக்குச் சிறிய பெட்டி. பெட்டியின் ஆறு பக்கத்திலும் எண் எழுதுங்கள். மரப்பெட்டியோ மரத்தட்டோ பயன்படுத்தினால் அதில் கோதுமைக்கதிர் சின்னம் போட்ட சர்வதேச முத்திரை இருக்க வேண்டும். மரம் பூச்சி போக வெப்பமூட்டப்பட்டது அல்லது புகையூட்டப்பட்டது என்பதற்கு அதுதான் சாட்சி. அது இல்லாத மரத்தைத் துறைமுகத்தில் திருப்பி அனுப்பவோ அழிக்கவோ செய்வார்கள்.

பவர் பேங்க், உதிரி லித்தியம் பேட்டரி எதையும் கப்பல் பெட்டியிலோ விமானத்தின் சரக்குப் பெட்டியிலோ வைக்காதீர்கள். கைப்பையில் மட்டுமே, பொதுவாக 100 வாட்-மணி அளவு வரை, அனுமதி.

கவனம் பட்டியலில் வேண்டும். என் பட்டியலில் எட்டுப் பெட்டிகளுக்கு நேரே "பல்வகை வீட்டுச் சாமான்" என்று எழுதியிருந்தேன். சுங்க அதிகாரி அந்த எட்டையும் திறந்தார். பெட்டி எண், உள்ளே இருப்பவை, எண்ணிக்கை, பழையதா புதியதா, இன்றைய மதிப்பு என்று ஒவ்வொரு பெட்டிக்கும் எழுதுங்கள். மதிப்பைப் பூஜ்யம் என்று போடாதீர்கள், வாங்கிய விலையையும் போடாதீர்கள். இப்போது விற்றால் எவ்வளவு கிடைக்குமோ அதை எழுதுங்கள். மூடும் முன் ஒவ்வொரு பெட்டியின் வாயையும் கைபேசியில் படம் எடுத்து வைத்தால், காப்பீடு கேட்கும் நாளில் உதவும்.

தேவைப்படும் மற்ற ஆவணங்கள்: கடவுச்சீட்டின் எல்லாப் பக்க நகல், விசா அல்லது குடியிருப்பு அனுமதி, வேலை அல்லது படிப்புக்கான கடிதம், புதிய வீட்டின் வாடகை ஒப்பந்தம், பழைய நாட்டில் வசித்ததற்கான சான்று, முகவருக்குக் கொடுக்கும் அதிகாரக் கடிதம், சரக்கை ஏற்றிக்கொண்டதற்குக் கப்பல் நிறுவனம் தரும் ரசீதான பில் ஆஃப் லேடிங். எல்லாவற்றிலும் பெயர் ஓர் எழுத்துகூட மாறாமல் கடவுச்சீட்டில் உள்ளபடி இருக்கட்டும். இனிஷியல் ஓரிடத்தில் சுருக்கமாகவும் ஓரிடத்தில் விரித்தும் இருந்ததற்காக இரண்டு நாள் கிடங்கு வாடகை கட்டியவன் நான்.

பட்டச் சான்றிதழ், பிறப்பு, திருமணச் சான்றுகள், தடுப்பூசிப் பதிவு, மருந்துச்சீட்டு ஆகியவற்றின் அசல் எந்தக் காரணத்துக்காகவும் பெட்டிக்குள் போகக் கூடாது. உங்கள் கைப்பையில் வர வேண்டும். சான்றிதழ்களுக்கு அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குச் சான்றளிக்கும் முத்திரை) தேவையா என்று கிளம்பும் முன்பே பாருங்கள். அதை ஆவணம் வழங்கிய நாட்டில்தான் வாங்க முடியும்.

6. காப்பீடும் காலக்கணக்கும்

நீங்களே கட்டிய பெட்டிக்கு, முழுப்பெட்டியும் தொலைந்தால் மட்டும் இழப்பீடு, உள்ளே உடைந்ததற்கு இல்லை என்று பல காப்பீடுகளில் இருக்கும். உடையக்கூடியவற்றை மட்டும் நிறுவனத்தாரிடம் கட்டக் கொடுப்பது ஒரு வழி. "பொது இழப்புப் பகிர்வு" அடங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். கப்பலைக் காப்பாற்ற ஆகும் செலவைச் சரக்கு வைத்திருக்கும் எல்லோர் மீதும் பகிரும் பழைய கடல் வழக்கம் அது. 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் சிக்கிய எவர் கிவன் கப்பலில் அப்படித்தான் அறிவித்தார்கள். உங்கள் பெட்டிக்கு ஒரு கீறல் விழாவிட்டாலும், காப்பீடு இல்லையென்றால், பிணைத்தொகை கட்டிய பிறகுதான் அது கைக்கு வரும்.

பெட்டிகளை வாங்கும்போது நசுங்கல், கிழிசல் எல்லாவற்றையும் ரசீதில் எழுதிவிட்டுக் கையொப்பமிடுங்கள். சில ஒப்பந்தங்களில் சேதத்தைத் தெரிவிக்க ஒரு வாரம்தான் அவகாசம். "மெதுவாகப் பிரித்துக்கொள்ளலாம்" என்று அடுக்கிவைத்தால் அவகாசம் போய்விடும்.

காலத்தைப் பொறுத்தவரை, கப்பலில் வீடு முதல் வீடு வரை ஆறு வாரம் முதல் மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் போய்ச் சேரும் முன் சாமான் போய்ச் சேருவது நல்லது என்று தோன்றும்; அது தவறு. பல நாடுகளில் உரிமையாளர் உள்ளே வந்து பதிவுசெய்த பிறகே சுங்கம் விடுவிக்கும். விசா தாமதமானால் பெட்டி துறைமுகத்தில் கிடக்கும், டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் நாள்தோறும் ஏறும். விசா கைக்கு வரும்வரை சாமானைக் கப்பலேற்ற விடாதீர்கள். முதல் இரண்டு மாதத்துக்கு வேண்டிய துணி, போர்வை, ஒரு பாத்திரம், ஒரு தட்டு உங்களோடு விமானத்தில் வரட்டும்.

7. கிளம்பும் முன் கடிதங்களைக் கட்டுப்படுத்துங்கள்

ஒரு தாளை எடுத்து, கடந்த ஓராண்டில் உங்களுக்குக் காகிதக் கடிதம் அனுப்பிய எல்லோரையும் எழுதுங்கள்: வங்கிகள், வரித்துறை, காப்பீடு, ஓய்வூதிய நிதி, பங்கு முதலீடு, முன்னாள் வேலையிடம், கல்லூரி, மருத்துவமனை. மின்னஞ்சலுக்கு மாற்றக்கூடியதை மாற்றுங்கள். மீதியுள்ளவற்றுக்குத்தான் முகவரி தேவை. ஆறு வாரம் முன்பே தொடங்குங்கள், ஏனென்றால் சில அலுவலகங்கள் முகவரி மாற்றத்தை உறுதிசெய்யப் பழைய முகவரிக்கே ஒரு கடிதம் அனுப்பும்.

அட்டைகளின் காலாவதித் தேதியைப் பாருங்கள். ஓராண்டுக்குள் முடிவதாக இருந்தால் இப்போதே புதுப்பித்துக் கையோடு வாங்கிச் செல்லுங்கள். பழைய கைபேசி எண்ணை, குறைந்த திட்டத்தில், வெளிநாட்டில் குறுஞ்செய்தி வரும்படி உயிரோடு வைத்திருங்கள். எல்லாக் கணக்கும் புதிய எண்ணுக்கு மாறியது உறுதியான பிறகே துண்டியுங்கள். முதலில் சொன்ன நான்கு மாத அவதி முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கியிருந்தது.

நம்பகமான ஒருவரின் முகவரியைப் பயன்படுத்துவது எளிய வழி. ஆனால் அவரிடம் "கடிதம் வந்தால் சொல்லுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். உறையைத் திறக்கலாமா, படமெடுத்து அனுப்ப வேண்டுமா, எதை வைத்துக்கொள்வது, எதைக் கிழிப்பது என்று பேசிவிடுங்கள். பதிவுத் தபாலைப் பெயருக்குரியவரிடமே கொடுப்பார்கள். அவர் வாங்குவதற்கு அதிகாரக் கடிதமோ அஞ்சலகத்தின் படிவமோ எழுதிக்கொடுத்துவிட்டு வாருங்கள்.

அப்படி ஆள் இல்லாதவர்களுக்கு அஞ்சல் துறையின் முகவரி மாற்றச் சேவை உண்டு. அதற்குக் கால வரம்பு உண்டு. பல நாடுகளில் கட்டணமும் உண்டு. உள்நாட்டுக்குள் மட்டும் திருப்பிவிடும் நாடுகளும் உண்டு. கூரியரில் வருபவை இதில் சேராது. "திருப்பி அனுப்பக் கூடாது" என்று அச்சிட்ட வங்கி, அரசு உறைகள் அனுப்பியவருக்கே போய்விடும். கடிதங்களை வாங்கி ஸ்கேன் செய்து இணையத்தில் காட்டும் தனியார் அஞ்சல்பெட்டி நிறுவனங்களும் இருக்கின்றன. வசதியானதுதான், ஆனால் சில வங்கிகள் அந்த முகவரிகளைக் குடியிருப்பாக ஏற்பதில்லை. முதலில் வங்கியிடம் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

8. புதிய நாட்டில் முதல் கடிதத்தைப் பெறுவது

வீடு கிடைக்க வங்கிக் கணக்கு வேண்டும், கணக்குத் திறக்க முகவரிச் சான்று வேண்டும், முகவரிச் சான்றுக்கு வீடு வேண்டும். இந்த வட்டத்துக்குள் நுழைய ஒரு தற்காலிக முகவரி தேவை. வேலையிடம், விடுதி, தெரிந்தவர் வீடு எதுவானாலும், அங்கே உங்கள் பெயருக்கு வரும் கடிதத்தை வாங்கிவைக்கச் சம்மதமா என்று முன்பே கேளுங்கள். நாம் "மே/பா" என்று எழுதுவோமே, அதற்கு இணையான குறியோடு வீட்டுக்காரர் பெயரும் உறையில் இருக்க வேண்டும்.

பல நாட்டு அஞ்சலகங்களில் "போஸ்ட் ரெஸ்தாந்த்" என்று ஒரு முறை இருக்கிறது. முகவரி இல்லாதவருக்கு வரும் கடிதத்தை அஞ்சலகமே சில வாரங்கள் வைத்திருந்து, கடவுச்சீட்டைக் காட்டினால் கொடுக்கும். எத்தனை நாள் வைப்பார்கள், எந்தக் கிளையில் என்று கேட்டுக்கொண்டு பயன்படுத்துங்கள்.

சொந்த வீடோ வாடகை வீடோ கிடைத்த அன்றே அஞ்சல்பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள். ஜெர்மனியில் அடுக்குமாடிகளில் வீட்டு எண்ணைவிடப் பெட்டியில் உள்ள குடும்பப் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுகிறார்கள். பெயர் இல்லையென்றால், நீங்கள் உள்ளேயே உட்கார்ந்திருந்தாலும் "முகவரிக்காரர் இல்லை" என்று கடிதம் திரும்பும். முகவரியை அந்த நாட்டு வரிசையில், அஞ்சல் குறியீட்டோடு, ஒரு சீட்டில் எழுதிவைத்து எல்லோருக்கும் அதையே அனுப்புங்கள். பிறகு உங்களுக்கு நீங்களே ஒரு கடிதம் போட்டுப் பாருங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் வங்கி அட்டை வரும் முன் பெட்டி வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும்.

9. பின்னால் வரும் பார்சல்கள்

வீட்டில் மறந்துவிட்டதை உறவினர் தபாலில் அனுப்பினால், அது உங்கள் குடிபெயர்வுச் சலுகையில் தானாகச் சேராது. சாதாரண இறக்குமதியாகவே பார்ப்பார்கள். அஞ்சலகத்தில் ஒட்டும் சுங்கப் படிவத்தில் "பரிசு" என்று மட்டும் எழுதக் கூடாது. என்ன பொருள், எத்தனை, எவ்வளவு மதிப்பு, பயன்படுத்தியதா என்று எழுதச் சொல்லுங்கள். கூரியர் நிறுவனங்கள் வரியைத் தாங்களே கட்டிவிட்டு, அதோடு சேவைக் கட்டணமும் சேர்த்து வாசலில் கேட்கும். சில சமயம் சேவைக் கட்டணமே வரியை மிஞ்சும். அவசரமில்லாத சிறு பொருளுக்கு அஞ்சலகம் போதும்.

பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அஞ்சல் துறைகளின் சர்வதேசப் பதிவு எண் 13 இலக்கம்: முதலில் இரண்டு எழுத்து, ஒன்பது எண்கள், கடைசியில் அனுப்பிய நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து. அதே எண்ணை இரு நாட்டு அஞ்சல் இணையதளத்திலும் போட்டுப் பார்க்கலாம். அனுப்பிய நாட்டின் தளத்தில் "நாட்டைவிட்டுப் புறப்பட்டது" என்று வாரக்கணக்கில் நின்றுவிட்டால் பதற வேண்டாம். சேரும் நாட்டின் தளத்தில் பாருங்கள். அங்கே சுங்கம் ஏதேனும் ஆவணம் கேட்டு, நீங்கள் பதில் சொல்லாமல் இருப்பதற்காகப் பார்சல் காத்துக்கொண்டிருக்கலாம். என்னுடையது அப்படித்தான் காத்திருந்தது. கேட்டுப் போட்ட கடிதம், பெயர் ஒட்டாத என் அஞ்சல்பெட்டியிலிருந்து திரும்பிப் போயிருந்தது.